மாரென் அத்தை கேட்ட கேள்விகள்

நார்வேயின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர் ராவ்டுயோகாவில் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கோடையில் கொசு வரும், பின்னாலேயே அவர்களும் வருவார்கள். நாங்கள் எப்படிப் பேசுகிறோம், எதைத் தின்கிறோம், பனிமானை எப்படி அடையாளம் காண்கிறோம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். போனவர் போனவர்தான். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவது ஊருக்கே வழக்கமாகிவிட்டது. வலது காலில் முதலில் பூட்ஸ் மாட்டினால் மீன் சிக்காது என்று என் சித்தப்பா ஒரு டேனிஷ்காரரிடம் அளந்துவிட்டார். அது அச்சில் வந்துவிட்டதாகக் கேள்வி.

அப்படிப்பட்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் மனைவி ராவ்னா ஆராய்ச்சிக்காரியாக வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஸ்னோ ஸ்கூட்டர் மெக்கானிக். "உன் பொண்டாட்டி எங்கள எழுதறா, நீ எங்க வண்டியப் பிரிச்சுப் போடற, நல்ல குடும்பம்டா" என்று நண்பர்கள் வாரினார்கள்.

மேல்வகுப்புகளிலும் எங்கள் பூர்வகுடி மொழியான ஸாமியில் பாடம் நடத்தலாமா என்று அந்த வருடம் நகராட்சி முடிவு செய்யவேண்டியிருந்தது. அதற்குமுன், ஊர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று ஆராய்ந்து சொல்லச் சொன்னார்கள். அந்த வேலை ராவ்னாவுக்கும் ஒஸ்லோவிலிருந்து வந்த பேராசிரியர் தோர்லைஃபுக்கும் வந்தது. தோர்லைஃப் நெட்டையான, கூச்சப்படுகிற மனிதர். ஸாமி பேசினால் தண்டனை என்றிருந்த காலத்தில் விடுதிப் பள்ளியில் படித்தவர்களை இருவரும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது. பதில்தான் கிடைக்கவில்லை.

என் அப்பாவின் தங்கை மாரென் அத்தைதான் எங்கள் மான் மேய்க்கும் கூட்டத்துக்குத் தலைவி. ராவ்னா அவளிடம் போய் முறையிட்டாள்.

"ஏன் அத்தை, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க?"

"தொறக்கறாங்களே. காபி குடிக்க."

"விளையாடாதீங்க அத்தை."

"நான் எங்கடி விளையாடறேன்? அந்தப் பேராசிரியரு வந்து நம்ம அம்மா அப்பா கதையெல்லாம் கேக்கறாரு. அவரு அம்மா யாருன்னு நமக்குத் தெரியுமா? மொதல்ல நாம கேப்போம், அவரு சொல்லட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

ராவ்னா இதைத் தயங்கித் தயங்கி தோர்லைஃபிடம் சொன்னாள். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நியாயமாத்தான் படுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஊரே சமூகக்கூடத்தில் கூடிவிட்டது. மான்கறி சூப் கொதித்தது. எங்கள் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வசதியாக உட்கார்ந்தார்கள். தோர்லைஃபுக்கு மட்டும் நடுவில் தனி நாற்காலி. மாரென் அத்தை தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, உங்க வீட்ல சண்டைன்னா மொதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது யாரு?"

"நான்தான்."

"எதுவரைக்கும்?"

"அவ ஏதாவது கேக் செய்யற வரைக்கும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அத்தை சிரிக்கவில்லை.

"உங்க பக்கத்து ஆளுங்க லீவு விட்டா மலைமேல ஒரு குடிசைக்குப் போயி, கரண்டு இல்லாம, தண்ணி இல்லாம கெடந்துட்டு வர்றாங்களாமே. அது என்ன நேர்த்திக்கடன்?"

"நேர்த்திக்கடன் இல்லீங்க, ஓய்வெடுக்க."

"வீட்ல ஓய்வெடுக்க முடியாதா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். "முடியாது. வீட்லதான் கரண்டு இருக்கே."

கூடம் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் பின்வரிசையிலிருந்து இஸ்ஸாத் பெரியப்பா எழுந்தார். ஆயுசுக்கும் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார்.

"பள்ளிக்கூடத்துல மொத நாளு நீங்க எந்த பாஷையில அழுதீங்க?"

தோர்லைஃப் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவராம். சிறுவயதில் குடும்பம் ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஜன்னலுக்கு அவர் ஊரில் வேறு வார்த்தை. வகுப்பில் அதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தாள். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வரை அவர் பள்ளியில் வாயே திறக்கவில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றார் பெரியப்பா.

"இல்ல. இப்பத்தான் மொத தடவையா சொல்றேன்."

இஸ்ஸாத் பெரியப்பா கோப்பையில் காபி ஊற்றி எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுக்கு வந்துது. அத நார்வே பாஷையில கேக்கத் தெரியல. நம்ம பாஷையில கேட்டா அடி. வகுப்புலயே நனைச்சுட்டேன். அன்னிக்குப் பூரா ஈரத்தோட உக்காந்திருந்தேன்."

"இத்தன வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றாள் அவர் மனைவி காட்ரின்.

"நீ கேக்கலியே."

ராவ்னா மெதுவாக, ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டாள். "செஞ்சுக்கம்மா. ஆனா எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார் பெரியப்பா.

அன்று இன்னும் நாலைந்து பேர் பேசினார்கள். பேசியவர்கள் அழுதார்கள், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார்கள். மறுநாள் முதல் வீடுகளில் காபியோடு கதையும் கிடைத்தது.

எழுதி முடித்ததும் ராவ்னா அதே கூடத்தில் அதை ஸாமியில் படித்துக் காட்டினாள். இஸ்ஸாத் பெரியப்பா ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "'பரிதாபமான சிறுவன்'னு போட்டிருக்க. பரிதாபத்த எடுத்துரு. கால்சட்டதான் நனைஞ்சுது."

நகராட்சியில் ஒரு உறுப்பினர் செலவு, செலவு என்று கடைசிவரை முணுமுணுத்தார். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. மேல்வகுப்பு ஸாமியில் ஆரம்பித்தது. கேட்க வருகிறவர் முதலில் பதில் சொல்லவேண்டும் என்பது எங்கள் ஊரின் சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச மாரென் அத்தையை இலையுதிர்காலத்தில் ஆல்டா நகரத்தில் நடந்த கருத்தரங்குக்கு அழைத்தார்கள். "கலந்து கெடக்கற மான வீட்டுக்கு வீடு பிரிக்கற நேரத்துல எவடி போவா?" என்று ராவ்னாவிடம் மறுத்தாள். தோர்லைஃப்தான் குறுக்கே வந்தார். "நீங்க போய்ப் பேசுங்க. உங்க எடத்துல நான் நிக்கறேன்."

நின்றார். காலை முழுக்க மானைப் பிடிக்க அவர் வீசிய சுருக்குக்கயிறு வேலிக்கம்பத்தில்தான் விழுந்தது. மதியம் எப்படியோ ஒரு முரட்டுக் கிடாவின் கொம்பில் சிக்கியது. கிடா அவரைச் சேற்றில் குப்புறத் தள்ளி, பட்டியைச் சுற்றி இழுத்துக்கொண்டு ஓடியது.

"கயித்த விடுங்க" என்று நான் கத்தினேன்.

"விட்டா போயிடுமே" என்றார் சேற்றுக்குள்ளிருந்து.

நானும் இஸ்ஸாத் பெரியப்பாவும் ஓடிப்போய்க் கிடாவை மடக்கினோம். தோர்லைஃப் எழுந்து நின்றார். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் சேறு. "யார் வீட்டு மானு இது?" என்று கேட்டார். பெரியப்பா காதுக்குறியைப் பார்த்தார். "பக்கத்து ஊர்க்காரனோடது. அவுத்து விடணும்."

தோர்லைஃப் கையில் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.