வகிடு

இது நடந்தபோது ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. சொன்னவர்களும் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். சீப்பு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அக்கா, தங்கை என்று இரண்டு பெண்கள். அக்காவுக்கு ஏழு வயதில் ரத்தத்தில் நோய் வந்தது. மருந்து கண்டுபிடிக்கும்வரை வளராமல் உறங்கட்டும் என்று குளிர்பெட்டியில் படுக்க வைத்தார்கள். நீ முழிக்கும்போது பக்கத்திலேயே இருப்பேன் என்று அம்மா அவள் காதில் சொன்னாள். தங்கை அப்போது கைக்குழந்தை.

மருந்து வந்தபோது தங்கை தலை நரைத்த தையல்காரி. அம்மா அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் கண்ணை மூடியிருந்தாள்.

விழித்த உடம்பு அதிர்ச்சி தாங்காது, கொஞ்ச நாளைக்கு எதுவும் சொல்லவேண்டாம் என்றார் மருத்துவர். தங்கை அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருப்பாள். பழைய புகைப்படத்தைப் பார்த்து அம்மாவின் நீலச் சட்டையைத் தைத்தாள். காலரில் இருந்த கோணல் தையலைக்கூட விடவில்லை. தலைக்குச் சாயமும் பூசிக்கொண்டாள்.

"இந்த வயசுல வேஷம் கட்ட வச்சுட்டாங்க பாருங்க," என்று நர்ஸிடம் சிரித்தாள்.

அக்கா கண் விழித்து அம்மா என்றாள். இவள் தலையாட்டினாள். சில நாள் ஊட்டிவிட்டாள், கால் பிடித்துவிட்டாள். பாப்பா எங்கே என்று அக்கா கேட்டபோதெல்லாம் தூங்குகிறாள் என்று மழுப்பினாள்.

ஒரு காலையில் தலை வாரிவிட உட்கார்ந்தாள். வகிடு எடுக்குமுன் அம்மா உச்சியில் மெல்ல ஊதுவாள். அது இவளுக்குத் தெரியாது. மூத்தவளைப் படுக்க வைத்த பிறகு அம்மா சீப்பையே தொடவில்லை; சின்னவளுக்கு எப்போதும் முடியை ஒட்ட வெட்டிவிடுவாள்.

இவள் ஊதாமலே வகிடு எடுத்தாள். அக்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா ஊதிட்டுத்தான் வாருவாங்க. நீ பாப்பாதானே?"

சீப்பு அந்தரத்தில் நின்றது.

"ஆமாக்கா."

"அம்மா வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்கக்கா."

அக்கா அழவில்லை. திரும்பி, தங்கையின் தலையைத் தன் சின்ன மடியில் சாய்த்துக்கொண்டாள். உச்சியில் ஊதினாள். அதற்குப் பிறகுதான் தங்கை விம்மினாள்.

மருந்து பலித்தது. அக்கா வளர்ந்து பேருந்து ஓட்டுநரானாள். தையல்காரி வயதாகி அக்காவின் வீட்டிலேயே இறந்தாள். அந்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள். நீலச் சட்டை இப்போது அக்காவுக்குச் சரியாக இருக்கிறது. அவள் அதைப் போடுவதில்லை.