நாற்பத்திரண்டு கொக்கோ மரங்கள்

மகள் பிரஷாந்தினியின் பிரசவத்துக்காகப் பன்னிரண்டு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பசறையில் பஸ் மாறி வந்து இறங்கியவள், லயத்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் கொக்கோ மரங்களைப் பார்க்கத்தான் போனேன். நாலு வருஷம் வளர்த்த நாற்பத்திரண்டு மரங்கள். இப்போதுதான் முதன்முதலாக அடிமரத்திலும் கிளையிலும் காய் பிடித்திருந்தன. வியாழக்கிழமை விவசாய அதிகாரி ஜௌபர் சேர் பார்க்க வருவார். காய்க்கிற மரம் நின்றால் அவை நிற்கிற பதினைந்து பேர்ச் காணியை என் பேருக்கு எழுதித் தருவதாகத் தேயிலைத் தோட்ட நிர்வாகம் சொல்லியிருந்தது. நாலு தலைமுறையாக இந்த மலையில் உழைக்கிறோம். எங்கள் பேரில் ஒரு சாண் நிலம் கிடையாது.

அங்கே மரங்கள் இல்லை. முழங்கால் உயரத்துக்கு நாற்பத்திரண்டு குற்றிகள் நின்றன. ஒவ்வொரு வெட்டும் சாய்வாக, பிசிறில்லாமல் இருந்தது. யார் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ராமநாதன் முப்பது வருஷம் தேயிலையில் கவ்வாத்து வெட்டியவர். களைத்த செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிட்டால் அது புதிதாகத் துளிர்த்து வரும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று துரைமாரே சொல்வார்கள்.

"மழையில காயெல்லாம் கறுக்க ஆரம்பிச்சிருச்சு வடிவு," என்றார், வெட்டிய கிளைகளை அடுக்கிக்கொண்டே. "வெட்டிவிட்டா நல்லா கெளம்பும்னு நெனச்சேன். நீ வந்து பாத்தா சந்தோசப்படுவேன்னு…"

"தேயிலைக்கு எல வேணும், வெட்டுறீங்க. இதுக்குக் காய்தானே வேணும்! காய் புடிக்கிற மரத்தையே வெட்டிப் போட்டுட்டு நிக்கிறீங்களே. அதுக்கு என் கழுத்த அறுத்திருக்கலாம்."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், முகம் பார்க்கவில்லை. வியாழக்கிழமை வரட்டும், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன்.

ஜௌபர் சேர் தோட்டத்து ஆபீஸ்காரர் இருவரோடு வந்தார். குனிந்து ஒரு குற்றியின் வெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நோய் வந்ததால எங்கட ஆபீஸ்ல கேட்டு வெட்டினீங்களா? அப்படியெண்டா மரம் திரும்பக் காய்க்கிற வரைக்கும் தவணை வாங்கலாம்," என்றார். நல்ல மனுஷன், தப்பிக்க வழி காட்டினார். ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"இல்லீங்க சேர். நான்தான் வெட்டுனேன். யார்கிட்டயும் கேக்கல. இவ ஆஸ்பத்திரியில இருந்தா, இவ மேல ஒரு தப்பும் இல்ல. தேயில மாதிரின்னு நெனச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க."

ஆபீஸ்காரரில் ஒருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். காணி, பட்டியலில் அடுத்த பேருக்குப் போகும் என்றார். என் வீட்டுக்காரர் இப்படித் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். நின்றபோது என்னால் பார்க்க முடியவில்லை. அழுகைதான் வந்தது.

"அடுத்த ஆளுகிட்ட ஒண்ணு சொல்லுங்க சேர்," என்றேன். "இத வேரோட புடுங்கிட வேணாம். குருத்து வரும். மண்ணுக்குக் கிட்ட வர்றதுல ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்தத கிள்ளணும். ரெண்டு மூணு வருசத்துல காய்க்கும். காயத் திருகக் கூடாது, கத்தியாலதான் அறுக்கணும். திருகிப் பிச்சா அந்த எடத்துல மறுபடி பூக்காது."

அவர்கள் போனபின் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாம் எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே வடிவு?"

சொல்லியிருக்கலாம். சேர் நடத்திய கொக்கோ வகுப்புகளுக்கு எங்கள் வீட்டிலிருந்து நான் ஒருத்திதான் போனேன். திரும்பி வந்ததும் என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்காரர் கேட்பார். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம் என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எல்லாம் தெரிந்த மனுஷனுக்குத் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.