காலமானார் என்று சொல்

ஈஸ்வரமூர்த்திக்குச் சொல் பைத்தியம் பிடித்தது மலையாளச் சர்க்கார் ஆபீஸ் ஒன்றின் வராந்தாவில். பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது என்று சொல்லப் போனவரிடம், "இதேது பாஷையாடோ? பாண்டியோ?" என்று, தமிழ் பேசுகிறவனைப் பாண்டி என்கிற மலையாள இளக்காரத்தோடு கேட்டுச் சிரித்தான் குமாஸ்தா. பக்கத்து மேஜைக்காரனும் சேர்ந்து சிரித்தான். தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ளவர், ஊருக்குள் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். அவருக்கு அது தொண்டைக்குழியில் முள்ளாக நின்றுவிட்டது. மலையாளம் நாக்கில் திரும்பாது. பேசுவது தமிழ்தான் என்றால், கேட்டவன் வாயடைத்துப் போகிற தமிழாகப் பேசிவிடுவது என்று முடிவு கட்டினார்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகம் வாங்கினார். அன்றாடப் பேச்சுக்கு உயர்ந்த சொற்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒரு நாளைக்கு ஐந்து வீதம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். எழுபத்து நாலாம் வருஷம் அது. வேலந்தாவளம் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் வாழ்த்திப் பேச எழுந்தவர் அரை மணி நேரம் உட்காரவில்லை. கைதட்டல் விழுந்தது. அந்தக் கைதட்டலோடு வீட்டுக்கு வந்தவர்தான் மனைவி பழனாத்தாளின் பேச்சைத் திருத்த ஆரம்பித்தார்.

"ஏனுங்க, சோறு ஆச்சுங்க, வாங்க" என்றால், "உணவு ஆயத்தம் என்று சொல்" என்பார். பொடக்காளியில் மாடு நிற்கிறது என்றால், "கொல்லைப்புறம்" என்பார். முதலில் அவளும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஐந்தாவது வரை படித்தவள். 'நண்பகல்' என்ற சொல் அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. கடலைக்காட்டில் ஆட்களிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் திருத்தினார். ஒரு நாள் படிப்பகத்துக் கூட்டாளிகள் மாரப்பனும் வாத்தியாரும் வந்திருந்தார்கள். அவள் உள்ளே திரும்பி வேலைக்காரி சாந்தம்மாளிடம், "ஒறம்பரை வந்திருக்குது, மோர் எடுத்தா" என்றாள். "விருந்தினர்! எத்தனை முறை சொல்வது? மாட்டுக் கொட்டகையிலா பிறந்தாய்?" என்று கூடத்திலிருந்து சத்தம் போட்டார். வாத்தியார் சிரித்தார். பழனாத்தாள் மோர்ச் சொம்பைத் தரையில் வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது. அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு நெஞ்சு காந்தியது. மாட்டுக் கொட்டகையில் பிறந்தவள் போட்ட சோற்றைத்தானே பன்னிரண்டு வருஷமாகத் தின்கிறான் மனுஷன் என்று நினைத்தாள்.

தை மாசம் அவள் காட்டில் இருக்கும்போது பிறந்த ஊரிலிருந்து ஆள் வந்தது. சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவள் அம்மா நாச்சம்மாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே தொட்டியோரம் சாய்ந்துவிட்டாளாம்.

பழனாத்தாள் கையில் மண்ணோடு வீட்டுக்கு ஓடினாள். வாசலில் ஈஸ்வரமூர்த்தி அதே இரண்டு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஏனுங்க... எங்காத்தா செத்துப் போயிட்டாங்களாமுங்க!"

"காலமானார் என்று சொல்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவர் காதில் ஏறியது. முகம் மாறியது. மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் வேலியைப் பார்த்தார். பழனாத்தாள் அழக்கூட இல்லை. ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

எழவு வீட்டில் அவர் குறை வைக்கவில்லை. பாடை கட்ட நின்றார், தோள் கொடுத்தார், மச்சான் காளிச்சாமியைக் கட்டிக்கொண்டு அழுதார். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. காரியம் முடிந்து பதினாறாம் நாள் திரும்பி வந்தாள். அவர் காட்டுக்குப் போன நேரம் பார்த்து அந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள். அதில் இருந்ததிலேயே எந்தச் சொல் வாய்க்கு ரொம்ப தூரமோ, அதாகப் பொறுக்கி மனப்பாடம் செய்தாள்.

மறுநாள் காலை அவர் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"உணவு ஆயத்தமாக உள்ளது. தாங்கள் அமுது செய்யலாம்."

அவருக்கு ஒரே சந்தோஷம். கூட்டாளிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். அவள் விடவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, "தங்கள் உடல்நலம் குன்றியுள்ளது போலும். மருத்துவரை அழைக்கலாமா?" என்று கதவோரம் நின்று கேட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வேறு எவரிடமும் இப்படிப் பேசவில்லை. சாந்தம்மாளோடு அடுப்படியில் வாய் ஓயாமல் பேசுவாள். அவர் கால் நிலைப்படியில் பட்டதும் பேச்சு நின்றுவிடும். திரும்பி, "தங்களுக்கு யாது வேண்டும்?" என்பாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. அவர் முகத்தில் பெருமை வற்றிவிட்டிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் அவள், "இன்னும் சிறிது குழம்பு இடட்டுமா?" என்று கேட்டதும் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போதும் பழனா! ரேடியோப் பொட்டியோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்குது. ஊட்டுப் பேச்சுப் பேசு!"

இரண்டு மாசமாக அடைத்து வைத்தது அவளுக்கு மடை உடைத்துக்கொண்டது.

"ஓ, இப்ப ஊட்டுப் பேச்சு வேணுமாக்கு? எங்காத்தா போயிட்டாங்கன்னு ஓடியாந்து சொன்னனுங்களே, அது ஊட்டுப் பேச்சில்லீங்களா? அப்பக்கூட உங்க காதுல எங்காத்தா உளுகல. நான் சொன்ன சொல்லுல இருந்த நொட்டைதான் உளுந்துது. ஆபீசுல ஒருத்தன் உங்களப் பாத்துச் சிரிச்சான், உங்களுக்குப் பொறுக்கல. அந்தச் சிரிப்பத் தூக்கியாந்து என்ற தலைல கட்டுனீங்க. அவனாச்சும் அசலூர்க்காரன். நீங்க யாருங்க எனக்கு?"

"வாய்ல வந்துருச்சு பழனா. நெனச்சுச் சொல்லல."

"அதுதான் ஆத்தமாட்டாம இருக்குது! நெனச்சுச் சொல்லியிருந்தா, கெட்ட புத்தின்னு ரெண்டு நாள் திட்டிட்டு உட்டுருப்பேன். நெனக்கவே இல்லியே நீ!"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'நீ' வந்தது. அவர் அதைத் திருத்தவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்.

"தப்புதான்" என்றார் கடைசியில்.

"எனக்கு மட்டும் கேக்கறாப்ல சொன்னா ஆச்சுங்களா? அன்னிக்கு ரெண்டு பேர வெச்சுட்டுத்தான சொன்னீங்க. அவங்கள வெச்சுட்டே இதையும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாரப்பனும் வாத்தியாரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். எதற்கு வரச் சொன்னார் என்று அவர்களுக்குத் தெரியாது. பழனாத்தாள் தூணை ஒட்டி நின்றாள். ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமி, "அன்பு கூர்ந்து செவிமடுக்க..." என்று ஆரம்பித்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். பேச்சு அறுந்தது.

"அன்னிக்கு இவ ஆத்தா செத்த சேதி சொல்ல வந்தப்ப நான் பேசுனது... அது மனுசன் பேசற பேச்சில்ல. தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார்.

"உடுங்க மாப்ள, உடுங்க" என்றார் மாரப்பன். அவள் சிரிக்கவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. உள்ளே போய் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் யார் பேச்சையும் திருத்தவில்லை. கல்யாண வீடுகளில் ஈஸ்வரமூர்த்தி முன்போலவே பேசினார், கைதட்டலும் விழுந்தது. பழனாத்தாளும் பழையபடி "ஏனுங்க" என்று கூப்பிட்டாள், மாடு கன்று சங்கதி பேசினாள், சந்தைக்கு என்ன வேண்டுமென்று சொல்லி அனுப்பினாள். வெளியில் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகிவிட்ட குடும்பம்தான்.

ஒரு நாள் அவளும் சாந்தம்மாளும் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். தன் அம்மாவைக் கடைசியாகப் பார்த்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள் பழனாத்தாள். பஸ் ஏற்றிவிட வந்த நாச்சம்மாள், பஸ் கிளம்பின பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்து ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று சொல்ல வாயெடுத்தபோது ஈஸ்வரமூர்த்தி வந்து நிலைப்படியோரம் நின்றார். கேட்பதற்காகத்தான் நின்றார்.

"என்னங்க வேணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

அவள் கடலையை உரித்தாள். ஒன்று, இரண்டு, ஒரு கைப்பிடி. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். வேலிப்படல் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, பழனாத்தாள் சாந்தம்மாள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.