சட்டையை மோந்து பார்க்கிறவள்

காலரில் மூக்கை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறாள் வடிவு, வாளி நிறைந்து தண்ணீர் வழிகிறது, குழாயை நிறுத்த வேண்டும், நிறுத்தலாம், முதலில் இது, காக்கிச் சட்டைக் காலத்திலிருந்து எந்தச் சட்டையும் இந்த மூக்கைத் தாண்டித்தான் துவைக்கிற கல்லுக்குப் போயிருக்கிறது, காலர், அக்குள், பை, பையின் அடித்தையல், அங்கேதான் புகையிலைத் தூள் ஒதுங்கும், உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார் பலவேசம், அவள் புருஷன், திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸில் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவர், தினமும் காலையில் அங்கிருந்தே ஒரு குரல் கொடுப்பார், ஏட்டி, கிடைச்சுதா, என்று, இன்னைக்கு இல்ல, என்னைக்காவது கிடைக்கும், அன்னைக்கு இருக்கு உங்களுக்கு, என்பாள் இவள், கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பேச்சு, மகள் சுகந்தி பிறந்து பேசப் பழகும்போது அப்பா அம்மாவுக்கு அடுத்து அவள் படித்த வார்த்தையே கிச்சுதா, அந்தக் குரல் வந்து மாசக்கணக்காகிறது, இப்போதும் மூக்கு காலரில் இருந்தாலும் காது உள்ளேதான் இருக்கிறது.

அவளுக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டது அவளைப் பெற்ற மகராசன்தான், ரைஸ்மில்லில் மேஸ்திரி, சத்தியமா விட்டுட்டேன் தாயி என்று தலையில் அடித்துச் சொல்வார், சொன்ன கையோடு கொல்லைக்குப் போய்ப் பற்றவைப்பார், பீடிக்கட்டை அவள் தவிட்டு மூட்டையில் கண்டுபிடித்தால் ரேடியோவின் முதுகுக்குப் போகும், ரேடியோவில் பிடித்தால் முருகன் படத்துக்குப் பின்னால், சாமியையும் கூட்டுச் சேர்த்தாரே மனுஷன், கடைசியில் இருமி இருமி நெஞ்சுக்கூடு உள்ளே போய் ஒடுங்கிக் கிடந்தபோதும் தலையணை உறைக்குள் ரெண்டு பீடி இருந்தது, அதை எடுத்தவள் இவள்தான், அதனால்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, சபையில் காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து, பீடி சிகரெட் குடிப்பியளா என்று கேட்டுவிட்டாள், பெரியவர்கள் எல்லாம் முகத்தைச் சுளிக்க, மாப்பிள்ளை மட்டும் சிரித்தார், குடிக்கிறவனுக்கு டிக்கெட் கிழிப்பேன், அதோட சரி, அந்தப் பதில் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாள், ஆனால் முதல் வாரமே காக்கிச் சட்டை பீடி நாறியது, குப்பென்று செத்துப்போன அப்பா வந்து நின்றார், என்னங்க இது, ஏட்டி, அறுபது பேரு ஏறுத பஸ்ல முப்பது பேரு ஊதுதான், நான் என்ன மூக்கையும் சட்டையையும் கழத்தி வச்சுட்டா டிக்கெட் குடுக்க முடியும், இவள் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை, அப்படியே ஓடிவிட்டது, சண்டையாகத் தொடங்கினது கேலியாக மாறி, கேலி பழக்கமாகி, மோந்து பார்க்காமல் ஒரு சட்டையை வாளியில் போட்டால் அன்றைக்கு என்னமோ உலை வைக்க மறந்த மாதிரி இருக்கும்.

பிறகு இருமல், முதலில் பனி என்றார்கள், பிறகு தூசி, பிறகு பாளையங்கோட்டையில் நெஞ்சு டாக்டரின் அறை, நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, அதில் தெரிந்த கட்டியைக் காட்டிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க, பலவேசம் சொன்னார், தொட்டதே இல்ல சார், டாக்டர் அதைக் கேட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார், வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது போல, பலவேசமும் திரும்பினார், நீ சொல்லு என்பது போல, ஐயோ, அந்த நேரம் பார்த்து இவளுக்கு வாய் வரவில்லை, தொண்டைக்குள் அப்பா தலையணையோடு உட்கார்ந்திருக்கிறார், இருமுகிறார், சத்தியம் பண்ணுகிறார், ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், அதற்குள் டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார், பலவேசத்தின் முகத்தில் விளக்கை அணைத்த மாதிரி ஆயிற்று, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார், தன் டெப்போ பஸ், தெரிந்த கண்டக்டர், அண்ணாச்சி சவுக்கியமா என்று கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினார், மறுநாள் காலையில் இவள் சட்டையைக் கையில் எடுத்தாள், உள்ளேயிருந்து குரல் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வேறு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, பழைய பழக்கமெல்லாம் பின்னால வந்து கடிக்கும் பாத்துக்கோ, என்று வாசலில் கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள், அவுக பிடிச்சதை நீ பாத்தியா என்று அத்தனை பேர் மேலும் சீறி விழுந்தாள், சீறி என்ன, சீற வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாயிற்றே, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, இந்த மனுஷன் என்னை விட்டுப் போயிருவாரோ, போனாலும் இந்தக் கோபத்தோடு போயிருவாரோ, இருமல் ஒரு பேச்சை முழுசாகப் பேச விடாமல் துண்டு துண்டாக அறுக்கிறது, கோபமா, மூச்சில்லையா, எதனால் குரல் வரவில்லை என்றே தெரியாமல் போயிற்று.

சுகந்திதான் பிடிவாதமாக மதுரைக்குக் கூட்டிப்போனாள், அங்கே ஒரு பெண் டாக்டர், மகள் வயதுதான் இருக்கும், ஊசி விட்டு நெஞ்சுக் கட்டியில் துளி எடுத்து வெளியூருக்கு அனுப்பி, அதன் ஜீனைப் படித்துப் பார்த்துவிட்டு வரச்சொன்னாள், படிக்கிறதா, கட்டியையா, ஆமாம்மா, இப்பல்லாம் எந்த இடத்துல கட்டின்னு பாக்குறது மட்டும் போதாது, எதனால வளருதுன்னும் பாக்குறோம், செல்லுக்குள்ள வளருன்னு சொல்ற ஜீன் ஒண்ணு இருக்கு, வேலை முடிஞ்சா அது நிக்கணும், இவருக்கு அது நிக்காம மாட்டிக்கிச்சு, வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, பலவேசம் அன்றைக்குத்தான் நிமிர்ந்தார், ரெட்டை விசில் குடுத்தவன், இருமினார், சிங்கிள் விசில் குடுக்காமலே போய்க்கிட்டு இருக்கான், டாக்டர் விழித்தாள், ரெண்டு விசிலுன்னா போ, ஒத்தை விசிலுன்னா நில்லுன்னு அர்த்தம் என்று சுகந்தி சொல்ல, அட, அதேதான் ஐயா, இந்த மாத்திரை தினம் ஒண்ணு, அந்த ஒத்தை விசில், என்று டாக்டர் சிரித்தாள், சிரித்த வாயோடு இதையும் சொன்னாள், இந்த மாதிரி ஜீன் கோளாறை நாங்க புகையே தொடாதவங்ககிட்டதான் அதிகமா பாக்குறோம்.

அடேயப்பா, பலவேசம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், மாத்திரை இருக்கட்டும் டாக்டரம்மா, இதை மட்டும், இருமல், எங்க வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவை சொல்லிருங்க, கண் கலங்கியிருக்கிறது அவருக்கு, டாக்டருக்குத் தர்மசங்கடம், அதை வச்சு சத்தியம் பண்ண முடியாது ஐயா, பிடிக்கிறவங்களுக்கும் வரும், என்றாள், இப்போது அவர் முகம் மறுபடி அணையப் போகிறது, அணைய விடுவாளா, வடிவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ குரல், உங்க சத்தியம் வேண்டாம் தாயி, இவுக பிடிச்சதே இல்ல, எனக்குத் தெரியும், பஸ்ல பீடி குடிச்சா அபராதம்னு சட்டம் வந்துதுல்லா, அந்த வருசமே இவுக சட்டையில பீடி நாத்தம் நின்னுட்டு, என் மூக்குக்கு அப்பவே தெரியும், பலவேசம் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார், அப்பவே தெரியுமா, ஆமா, என்றாள், அப்பம்னா இத்தனை வருசமா, இருமல் வந்து மேலே பேச விடவில்லை, கையால் சட்டையைப் பிடித்து மூக்கில் வைத்துக் காட்டினார், என்னத்தட்டி தேடுன என்று அர்த்தம், இவள் தரையைப் பார்த்துக்கொண்டாள், டாக்டர் முன்னால், பெற்ற மகள் முன்னால், அதை எப்படிச் சொல்ல.

கிளம்பும்போது டாக்டர் ஒன்றை மறைக்காமல் சொன்னாள், இது குணமாக்குற மாத்திரை இல்லம்மா, அடக்கி வைக்கிற மாத்திரை, கொஞ்ச காலம் கழிச்சு கட்டி வேற வழி தேடும், சிலருக்கு சீக்கிரம், சிலருக்கு ரொம்ப நாள் கழிச்சு, அப்ப ரத்தத்தை எடுத்து அது எந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்குன்னு தேடுவோம், புதுசு புதுசா மருந்து வந்துக்கிட்டுதான் இருக்கு, வடிவுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது, தவிட்டு மூட்டை, ரேடியோ, முருகன் படம், எங்கப்பா ஒளிச்ச மாதிரிதானே தாயி, ஒளிக்கட்டும், தேடுததுல நம்மள மிஞ்ச ஆளு கிடையாது, என்றாள்.

மாத்திரை தொடங்கி முகத்தில் பருப் பருவாக வந்தது, விடலைப் பையன் மாதிரி இருக்கிறார் என்று சுகந்தி போனில் கேலி பண்ணினாள், நகக்கண் வலிக்கிறது என்றார், வயிறு ஒரு பாடு படுத்தியது, இவள் சோற்றை மோரில் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள், போன வாரம் இருமல் குறைந்த மாதிரி இருந்தது, சொன்னால் கண் பட்டுவிடும் என்று இவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, நேற்று ராத்திரி ஒரே தூக்கமாகத் தூங்கினார், இன்றைக்குக் காலையில் அவர் கழற்றிப் போட்ட சட்டை இது, காக்கி இல்லை, வெள்ளைக் கட்டம், காலரில் மூக்கை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறாள், வேர்வை, விபூதி, டாக்டர் கொடுத்த களிம்பு, அதற்கெல்லாம் அடியில் அவர், கல்யாணம் ஆன வாரம் பீடி நாற்றத்துக்கு அடியிலும் இருந்த அதே ஆள், வாளியிலிருந்து தண்ணீர் வழிந்து பாதத்தை நனைக்கிறது.

ஏட்டி, கிடைச்சுதா.

நடுவில் ஒரு இருமல் இல்லாமல், முழுசாக, கட்டிலிலிருந்து முற்றம் வரைக்கும் வந்தது அந்தக் குரல், வடிவுக்கு முகமெல்லாம் நனைந்துவிட்டது, சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள், பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது, அதைச் சொல்லவில்லை.

கிடைச்சுது, என்றாள்.

குழாயை நிறுத்தினாள், சட்டையை வாளியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.