அடியில் ஒரு விரல் அளவு

ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர் நாக்கு. பத்திரிகையில் மதுவகைகளை ருசித்து எழுதுகிற பக்கம் அவருடையது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஒன்பது சுவை சொல்வார். கேட்கிறவனுக்குத் தலை சுற்றிவிடும். அப்படிப்பட்ட வாய் வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்டுப் போட்டுக்கொள்ளும். மனைவி தங்கை வீட்டுக்குப் போய் மாதக்கணக்கு ஆகிறது. "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றுதான் போனாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. என்ன குற்றம் என்று தெரிந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். தெரியாமல் எதற்கென்று கேட்பது? வந்துவிடு என்று சொல்லத் தினமும் போனை எடுப்பார், அப்படியே வைத்துவிடுவார்.

அன்று சாயங்காலம் மேசையில் ஒரு பெரிய கறுப்புப் பாட்டில் நின்றது. பெல்ஜியப் பாணியில் காய்ச்சிய ஏல்; பீர் இனம்தான், ஆனால் போதையில் ஒயினோடு மல்லுக்கு நிற்கும். இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கிற அளவு. பழக்க தோஷம், கை இரண்டு கிளாஸை எடுத்து வைத்துவிட்டது. வைத்ததைத் திரும்ப எடுக்க மனசு வரவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கார்க் கிளம்பிய சத்தம் ஆளில்லாத வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. நுரை பழுப்பாகப் பொங்கி, கிளாஸ் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. மூக்கருகே கொண்டுபோனால் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, பின்னாலேயே கிராம்பு. வாயில் வைத்ததும் கருக்கிய சர்க்கரையின் இனிப்பு. இனிப்புத்தானே என்று நம்பி விழுங்கினால் மிளகு மாதிரி ஒரு காரம். அது அடங்கியதும் நெஞ்சுக்குள் நிதானமாகப் பரவுகிற சூடு. குளிர் விட விட ருசியும் மாறிக்கொண்டே போனது. கனிந்த வாழைப்பழம் வந்தது, ரொட்டியின் கருகிய ஓரம் வந்தது.

"வாழப்பழம் வருது பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். எதிர் நாற்காலி என்ன பதில் சொல்லும்? சட்டென்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போதை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பாட்டில் முடிகிற இடத்தில் கை தானாக நின்றது. இந்த வகை ஏலில் ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படிந்திருக்கும். தெளிந்தது அவருக்கு, கலங்கல் அவளுக்கு. கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். வீணாக்குவானேன் என்று ஒருநாள் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். எப்படி இருக்கு என்றதற்கு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சரி, அவளுக்குப் பிடித்தது இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. இன்றும் வண்டலை இரண்டாவது கிளாஸில் ஊற்றி எதிரே நகர்த்தி வைத்தார்.

ஆசிரியர் போன் செய்தார். "நாக்கு சார், உங்க பக்கம் மட்டும் காலியா நிக்குது. சீக்கிரம் அனுப்புங்க, இல்லன்னா விளம்பரத்தப் போட்டு ரொப்பிடுவேன்."

முன்பெல்லாம் இவர் கோழிக் கிறுக்கலில் எழுதித் தள்ளுவார், அவள் டைப் அடித்துத் தருவாள். இப்போது ஒற்றை விரலால் தானே தட்டித் தட்டிக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே மாட்டிக்கொண்டார். வண்டலுள்ள பாட்டில் என்றால் வாசகருக்கு எப்போதும் ஒரே எச்சரிக்கைதான். தாளில் 'வழக்கமான கடைசி வரி' என்று மட்டும் கிறுக்கிவிடுவார். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கம் நாக்குக்குக் கிடையாது. அலமாரியில் பழைய இதழ்கள் இருந்தன, எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவளைக் கூப்பிட இதைவிட நல்ல சாக்கு இனி எப்போது கிடைக்கும்? அதைக் கேட்டுவிட்டு, அப்படியே வந்துவிடு என்றும் சொல்லிவிடலாம்.

"சொல்லுங்க" என்றாள்.

"அந்தக் கடைசி வரி எப்படி வரும்? ஞாபகம் இருக்கா?"

அவள் யோசிக்கவே இல்லை. "அடியில் ஒரு விரல் அளவு பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அது கசக்கும், வாயில் மாவாக ஒட்டும். உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக அதை அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. எதிரே இரண்டாவது கிளாஸ் கலங்கலாக இருந்தது.

"கடைசில சொன்னியே... அது நான் எழுதினதா?"

"இல்ல. நான் சேத்தது."

"எப்ப?"

"அதாச்சு பல வருஷம். ஒவ்வொரு தடவையும் அடிச்சு உங்க முன்னாடிதான் வச்சேன். என்னிக்காவது படிப்பீங்கன்னு பாத்தேன்."

வந்துவிடு என்று சொல்ல இனி எந்த முகம் இருக்கிறது? "எழுதிக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

அவர் எதிர் கிளாஸை இழுத்து ஒரே மூச்சில் குடித்தார். கசந்தது. வாயெல்லாம் மாவாக ஒட்டியது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. அந்த வரியை முழுசாகத் தட்டி முடித்தார். பிறகு, அனுப்புவதற்கு முன்னால், திரும்ப ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்த்தார்.