தளபதி எழுந்து வந்த அத்தியாயம்

அந்த வீட்டில் நாவல் படிக்க ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், அதுவும் வாய்விட்டுத்தான், ஆளுக்கொரு நாள் முறை வைத்து. முன்னால் புரட்டிப் பார்ப்பது மகா பாவம். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிற அவளும், லிஃப்டுகளைப் பழுதுபார்த்துவிட்டு வருகிற அவள் புருஷனும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால், யாளிமேல் ஏறிச் சண்டை போடும் ராணி, மாயக்கோட்டை, மந்திரவாதி என்று பொழுது ஓடிவிடும்.

சட்டம் போட்டவள் மகள். போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சே அற்றுப்போயிற்று. ஒருவர் முன்னால் ஒருவர் அழக்கூட இல்லை. மகள் பாதியில் விட்டுப்போன முதல் பாகத்தை அவர்தான் ஒருநாள் எடுத்துவந்தார். கடைசி அத்தியாயத்தில் ராணியின் தளபதி, மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், கோட்டை வாசலில் செத்தான். படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு அழுதாள். எதிரே அவர் தேம்பித் தேம்பி அழுதார். மகளுக்காக அவர்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

இரண்டாம் பாகம் வந்ததும் ஓடிப்போய் வாங்கினார்கள். ஆரம்பத்திலிருந்தே இழுவை. ராணி மூச்சுக்கு முந்நூறு தரம் சபதம் செய்தாள். யாளி வேறு பேசத் தொடங்கியது. போய்த் தொலையட்டும் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

அன்று அவள் முறை. "இன்னைக்கு நான் படிக்கிறேனே" என்று அவர் கேட்டார். கொடுத்தாள்.

கதையில் மந்திரவாதி ஒரு வேரைக் கசக்கிப் பிணத்தின் மூக்கருகே காட்டுகிறான். தளபதி கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்து, "போர் முடிந்துவிட்டதா?" என்கிறான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிறுத்துங்க."

"என்னாச்சு?"

"நல்லா காதுல பூ சுத்துறான். செத்தவனுக்கு ஒரு வேரு போதுமாம்! அப்ப நாம அன்னைக்கு எதுக்கு அழுதோம்?"

"கதைதானேம்மா."

"அன்னைக்கு அழும்போது கதைன்னு தோணலையா?"

அவர் புத்தகத்தை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லாததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"முன்னாடியே படிச்சிட்டீங்க. அதான் என் முறையைக் கேட்டு வாங்குனீங்க."

"லிஃப்டு குழிக்குள்ள உக்காந்து படிச்சேன்" என்றார் தலையைக் குனிந்தபடி. "அவன் எழுந்துக்குற இடத்தை என் வாயால உனக்குப் படிச்சுக் காட்டணும்னு ஆசை. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் மனம் இளகியிருக்கும். அன்று அந்த எழுத்தாளன்மேல் வந்த கோபம் இவர்மேலும் திரும்பியது. அவர்கள் அழுத அழுகையை அவன் கேலிக்கூத்தாக்கினான் என்றால், இவர் அதற்குத் தாளம் போட்டிருக்கிறார்.

"எனக்கு இந்தப் புஸ்தகம் வேண்டாம். இந்த வீட்டுல செத்தவங்க யாரும் எழுந்து வரவும் வேண்டாம். வேணும்னா நீங்களே படிச்சுக்கோங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே அவர் குரல் கேட்டது. அதே அத்தியாயத்தை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தார். வேர் வந்தது, கொட்டாவி வந்தது, நிறுத்தினார். மறுபடியும் அந்த இடத்தையே படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது தளபதி என்று வரவேண்டிய இடத்தில் மகளின் பெயரைச் சொன்னார்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டாள்.