துரியோதனன் துணிக்குப் பின்னால்

1

அஸ்தினாபுரத்துச் சிம்மாசனத்தின் விலை பதினேழு ரூபாய். 1954-இல், குருபரப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில், என் காதுபட ஏலம் போன விலை. அங்கே கூத்து வேஷங்களை ஏலம் விடுவார்கள்; அதிக விலை கேட்டவன் அந்த வேஷம் கட்டலாம். பணம் மத்தளக்காரருக்கும் விளக்குக்கும். நான் புளி வாங்கப் போனவன். புளி படியவில்லை, கதை படிந்தது.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "ராமப்பன் ஒரு பிறவிக் கலைஞ..." (பொய். அவனுக்குத் தாளம் நிற்காது. குரல், அச்சில் எண்ணெய் காணாத கட்டைவண்டி.)

இரண்டாவது: "ஏழை ராமப்பன் கண்ணீர் மல்க..." (அவன் அழவே இல்லை.)

நடந்ததையே எழுதுகிறேன். ராமப்பன், நிலக்காரர் சென்னகிருஷ்ணனிடம் கூலிக்கு ஏர் பிடிப்பவன். இரண்டு வருஷம் ஏலத்தில் தோற்றவன். அந்த வருஷம் ஆட்டை விற்றுவிட்டு வந்தான். துரியோதனன் வேஷத்துக்குச் சென்னகிருஷ்ணன் தனக்காகப் பதினாறு கேட்டார். இவன் பதினேழு என்றான்.

"ஏன்டா, உனக்குப் பாட வருமாடா?"

"வராதுங்க சாமி. உங்களுக்குந்தான் வராது."

ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுத்தது என்பதுதான் மிச்சக் கதை.

பிறகு அவனிடம் கேட்டேன், ஏனப்பா இந்த ஆசை என்று.

"மொதல் அடியே 'நானே ராசா'ன்னு வருதுங்க. அதச் சொல்ல எனக்கு வேற எடம் ஏதுங்க?"

3

ராஜா வேஷக்காரன் முதலில் ஒரு துணிக்குப் பின்னால் நின்று பாடுவான். துணியை இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் இறக்குவார்கள். அப்போதுதான் அவன் ராஜா.

கூத்தன்று துணியைப் பிடித்திருந்தவர்கள் சென்னகிருஷ்ணனின் ஆட்கள். பாட்டு முடிந்தது. துணி இறங்கவில்லை.

"தாளம் தப்புது. இன்னொரு வாட்டி பாடு."

பாடினான். மறுபடியும், மறுபடியும். ஓரத்தில் குந்தியிருந்த அவன் பெண்டாட்டி செல்லி எழுந்துவிட்டாள்:

"எறக்குங்கடா துணிய! எங்க ஆட்ட வித்து வந்த ராசாடா அவன்!"

"ராசா இன்னும் தயாராவல. குந்து."

4

இதுவரை எழுதியதைக் கிருஷ்ணகிரி மண்டி வெங்கடப்பனிடம் வாசித்தேன்.

"பாட்டு வராதவனுக்கு எதுக்குப்பா இந்த வேல? சினிமாவுல கூப்பிடப் போறானா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த வெங்கடப்பன் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பவர். மூன்று வருஷம் ஆலங்கட்டி மழை பூவை அடித்துப் போட்டது. நாலாம் வருஷமும் எடுத்தார். ஊர் அவரைத் துணிந்தவர் என்கிறது. பூவை நம்பிப் பணம் கட்டுகிறவன் வியாபாரி. பாட்டை நம்பிக் கட்டுகிறவன் பைத்தியமா?*

* "அது வேற கணக்குப்பா" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

துணி தானே கிழிகிறது. (வேண்டாம். ராமப்பன் காற்றிடம் கடன்படவில்லை.)

சென்னகிருஷ்ணன் மனம் மாறுகிறார். (அவரோடு புளி பேரம் பேசியவன் நான். மாறமாட்டார்.)

ராமப்பன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு... (கழற்றவில்லை. ஐந்தாவது முறை பாடிக்கொண்டிருக்கிறான். தாளம் இன்னும் பிடிபடவில்லை. அதற்கென்ன?)

ஒரே வரியில் துணியை நான் இறக்கிவிடலாம். மாட்டேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். ஒரு முனை உங்கள் கையில் இருக்கிறது.

ராமப்பன் கொடுத்தது: ரூபாய் பதினேழு, பாட்டு ஐந்து.
ராமப்பனுக்கு வந்தது: